குள்ளர் வீட்டில் பாதிக் கதிர்

ஐந்து நாள் நான் கொலம்பஸைத் தோற்கடித்திருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து புதன்கிழமை மத்தியானம் வரைக்கும், அமெரிக்காவுக்கு முதலில் கப்பல் விட்டது யார் என்ற கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் நான்தான். பெயர் நாராயணப்பன். தேன்கனிக்கோட்டையில் சரித்திர வாத்தியார். எனக்கு முன்கோபம் என்று ஊரில் சொல்வார்கள். கோபம் வருகிற மாதிரி நடந்துகொண்டால் வராமல் என்ன செய்யும்?

எங்கள் ஊரிலிருந்து நாலு மைல் தள்ளி, காட்டோரமாக, சிட்டேகல் என்று ஒரு கிராமம். அதன் பின்னால் உள்ள பாறைக் குன்றான கரட்டின் மேல் ஒன்பது கல்வீடுகள். நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே பெரிய பலகைக்கல்லை மூடி, கிழக்குப் பக்கக் கல்லில் மட்டும் ஒரு ஆள் கை நுழைகிற அளவுக்கு வட்டமாகத் துளை போட்டிருக்கும். ஊரில் அதைக் குள்ளர் வீடு என்பார்கள். முழங்கால் உயர மனிதர்கள் ஒரு காலத்தில் அதில் குடியிருந்தார்களாம். குள்ளனும் இல்லை, குடித்தனமும் இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின மனிதர்கள் தங்களில் செத்தவர்களுக்குக் கட்டின வீடு அது.

அந்த ஒன்பதையும் உடைத்து ரோட்டுக்கு ஜல்லியாகப் போட அனுமதி வாங்கியிருந்தான் கங்கப்பன். அவனும் சிட்டேகல்காரன்தான். இரண்டு லாரி வைத்திருந்தான். இரண்டின் நெற்றியிலும் சிவப்பு எழுத்தில் ‘அண்ணன் முனிவேல் நினைவு’ என்று எழுதியிருக்கும். அண்ணன் நாற்பத்திரண்டில் பட்டாளத்துக்குப் போனவன்; திரும்பவில்லை. கங்கப்பன் கெட்டவன் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். ‘அது தரிசுப் புறம்போக்கு, யாரும் புழங்காத இடம்’ என்று தாளில் எழுதி வாங்கியிருந்தான். எல்லாம் சட்டப்படி. வெள்ளிக்கிழமை முதல் வெடி என்று நாளும் குறித்துவிட்டான்.

நான் சும்மா இருப்பேனா? மதராஸில் தொல்பொருள் இலாகாவுக்கு ஏழு மனு எழுதினேன். ஏழாவதற்குப் பதில் வந்தது. இம்மாதிரிக் கற்கள் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கில் உள்ளன. எல்லாவற்றையும் காப்பாற்ற இயலாது. விசேஷமாக ஏதேனும் இருந்தால் வியாழக்கிழமை அந்தப் பக்கம் வரும் எங்கள் உதவி அதிகாரியிடம் காட்டவும். அவ்வளவுதான். விசேஷமாக ஏதாவது வேண்டுமாம். இரண்டாயிரம் வருஷம் நின்றது போதாதாம்.

ஆகவே சனிக்கிழமை காலையில் விசேஷத்தைத் தேடி ராஜப்பனையும் இழுத்துக்கொண்டு கரட்டுக்குப் போனேன். ராஜப்பன் என் சிநேகிதன், புதுப் பயிர்களைப் போட்டுக் காட்டுகிற விவசாய இலாகா டெமான்ஸ்ட்ரேட்டர். வாயைத் திறந்தால் கிண்டல்தான் வரும். அவன் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட, நான் குப்புறப் படுத்து, ஒவ்வொரு வீட்டின் துளைக்குள்ளும் தோள் வரை கையை விட்டுத் துழாவினேன். முதல் இரண்டு வீட்டில் மேலோட்டமாகத் துழாவியதில் மண்தான். மூன்றாவதில் ஒரு தேள் இருந்தது, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

“அது குள்ளரோட காவக்காரன். கேக்காம கையை விட்டா கோவம் வராதா வாத்யாரே?” என்றான் ராஜப்பன்.

நாலாவது வீட்டில் மண்ணுக்கு மேலே சாம்பல் தட்டுப்பட்டது. விரலால் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் ஏதோ கெட்டியாக இருந்தது. மெதுவாக, மிக மெதுவாக வெளியே எடுத்தேன். கரிக்கட்டை. என் உள்ளங்கை நீளம். உடம்பு பூராவும் வரிசை வரிசையாகப் பல் வைத்த மாதிரி மணிகள். ஒரு நுனி கூர்மை, மறு நுனி முறிந்திருந்தது. ஒரு முழுக் கதிரின் பாதி.

ராஜப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வந்தான். கையில் வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

“இது மக்காச்சோளம் வாத்யாரே.”

“நிச்சயமா?”

“சோறு போடற தொழில்ல பொய் சொல்வனா? பன்னெண்டு வரிசை இருக்குது பாரு. ஆனா இங்க எப்புடி? இந்தச் சுத்துப்பட்டு ஏழு ஊர்லயும் எவனும் மக்காச்சோளம் போடறதில்ல. ராகி, அவரை, சாமை, அத்தோட சரி. நான் சர்க்கார் வெதைப் பொட்டணத்த வெச்சுக்கிட்டு ரெண்டு வருசமாக் கூவறேன், வாங்க ஆளில்ல. பீரோவுல எலி தின்னுது.”

அவ்வளவுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். மக்காச்சோளம் அமெரிக்கப் பயிர். மிளகாய், உருளைக்கிழங்கு, வேர்க்கடலை மாதிரி அதுவும் கொலம்பஸ் அந்தக் கரையைத் தொட்ட பிறகுதான் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தது. புத்தகங்கள் அப்படித்தான் சொல்கின்றன. கொலம்பஸ் போனது ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டில். இந்தக் கல்வீடு அதற்கும் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தினது. இன்றைக்கு இந்த ஊரில் மக்காச்சோளம் கிடையாது என்றால், இந்தக் கதிர் இன்றைக்கு வந்ததில்லை. அப்படியானால் யார் கொண்டுவந்தார்கள்? எந்தக் கப்பலில்?

“பெரு தேசம்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பெங்களூரில் ஒரு லைப்ரரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்து மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்பெயின்காரன் வருவதற்கு முன்னால் அந்தக் கண்டத்தில் வாழ்ந்த ஜனங்களைப் பற்றியது. பெரு தேசத்துக் கடற்கரை மணலில் செத்தவனை முழங்காலைக் கட்டி உட்கார வைத்து, துணி மேல் துணியாகச் சுற்றிப் புதைப்பார்கள். பக்கத்தில் சோளக்கதிர் வைப்பார்கள். மலைமேல் இருந்த அவர்கள் ராஜாக்கள் செத்தாலும் வேலை ஓயாது. திருவிழா வந்தால் அந்த உடம்பைப் பல்லக்கில் தூக்கி வந்து சதுக்கத்தில் உட்கார வைத்து, சோளக் கள் ஊற்றிக் கொடுத்து, அவர் சார்பாகப் பேச ஒரு ஆளையும் நிறுத்துவார்கள். மெக்சிகோவுக்குத் தெற்கே இன்னொரு ஜனம் மனிதனே மக்காச்சோள மாவில் பிசைந்து செய்யப்பட்டவன் என்று நம்பியது. செத்தவனுக்கு ஓர் இடம், பக்கத்தில் சோளம். அங்கேயும் அதுதான், இங்கேயும் அதுதான். நான் கரட்டின் மேல் குதித்தேன். நாற்பத்தொரு வயது ஆள் குதிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

நான் அவசரக்காரன் இல்லை. கீழே இறங்கி ஊருக்குள் போய் எல்லாரிடமும் விசாரித்தேன். மணியக்காரர், தலையாரி, டீக்கடையில் இருந்தவர்கள், ஆடு மேய்க்கிறவர், பூசாரி. “குள்ளர் வீட்டுல யாராச்சும் எதாச்சும் வெப்பீங்களா?” ஒருத்தர் விடாமல் இல்லை என்றார்கள். “அந்தப் பக்கமே நாங்க போறதில்ல சாமி.” அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பதினாலு பேர் சாட்சி.

நேராகத் தபாலாபீசுக்குப் போய் மதராஸுக்குத் தந்தி கொடுத்தேன். ‘கல்வீட்டில் கொலம்பஸுக்கு முந்தைய மக்காச்சோளம் கிடைத்தது.’ தபாலாபீஸ்காரர் படித்துப் பார்த்துவிட்டு, “கொலம்பஸ் எந்த ஊர் சார்? கெலமங்கலமா?” என்று கேட்டார். நான் அவரிடம் கோபப்படவில்லை. அன்றைக்கு யாரிடமும் கோபப்பட முடியவில்லை.

வீட்டில் ஜோதியம்மாள், என் மனைவி, தன் தோடு வைக்கும் மரப்பெட்டியைக் காலி செய்து கொடுத்தாள். பஞ்சு வைத்துக் கதிரைக் கிடத்தினேன். நாலு நாள் வீட்டில் திருவிழா. பள்ளிக்கூடத்தில் அசோகரை அப்படியே நிறுத்திவிட்டுப் பெரு தேசத்தை நடத்தினேன். வருகிறவர்களுக்கெல்லாம் பெட்டியைத் திறந்து காட்டினேன். கதிர் ஏன் பாதியாக இருக்கிறது என்பதற்கு மட்டும் பதினோரு பக்கம் எழுதினேன். ஒரு பாதி உயிரோடு இருப்பவனுக்கு, ஒரு பாதி செத்தவனுக்கு. சூரியனுக்குப் பாதி, பூமிக்குப் பாதி. அந்தப் பதினோரு பக்கத்தையும் ஜோதிக்குப் படித்துக் காட்டினேன்.

“அடுப்புல பாதி தவறி விழுந்திருக்கும்” என்றாள் அவள்.

“உனக்கு எல்லாமே அடுப்புதான்.”

“அடுப்பு இல்லாம உங்க பெரு தேசத்துக்காரன் எப்புடிச் சுட்டானாம்?”

திங்கட்கிழமை கங்கப்பனே வீட்டுக்கு வந்தான். ராஜப்பனும் இருந்தான். கங்கப்பன் பெட்டியைக் குனிந்து பார்த்தான். “வாத்யாரே, இந்தக் கரிஞ்ச கட்டைக்காக என் ஜல்லிய நிறுத்திடுவாங்களா?” என்றான். நிறுத்துவார்கள் என்றேன். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் சிட்டேகல்லுக்கு வருவார்கள் என்றேன். ராஜப்பன் தன் பங்குக்கு எலி தின்கிற விதைப் பொட்டணத்தின் கதையைச் சொன்னான். கங்கப்பன் பொறுமையாகக் கேட்டுக் காப்பி குடித்துவிட்டு, “ரோடு வேணும்னு நீங்கதான் மொதல்ல மனு எழுதுனீங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். உண்மைதான், எழுதியிருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கரட்டுக்குப் போனேன். அதிகாரி வருகிற வழியில் முள்ளை வெட்டி வைக்கலாம் என்று ஓர் எண்ணம். நாலாவது வீட்டின் முன்னால் ஒரு பெண்பிள்ளை குப்புறப் படுத்திருந்தாள். தோள் வரை கை உள்ளே. கன்னம் கல்லில் அழுந்தியிருந்தது. எனக்கு இரத்தம் கொதித்தது.

“யாரது? வெளியே எடு கையை. அது சர்க்கார் இடம்.”

அவள் கையை எடுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். நரைத்த தலையில் மண். கெம்பம்மா என்று பெயர், ஊர்க் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறவள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவள் கண்ணைத்தான் பார்த்தேன். அழுது வீங்கியிருந்தது.

“நீதான் எடுத்தியா வாத்தியாரே?” என்றாள். “ஊரெல்லாம் பேசிக்கிறாங்க, கருகுன சோளம் கெடச்சுதுன்னு. எனக்கு அப்பவே பகீர்னுச்சு. அத குடுத்துடு சாமி. அது எம்மவனுக்கு வெச்சது.”

நான் விடவில்லை. “எந்தச் சோளம்? இந்த ஊர்ல மக்காச்சோளமே இல்லியே.”

“எங்கூட்டுப் பின்னால பத்துச் சோளத் தட்டு நிக்குது. அவரைப் பந்தலுக்கு அந்தாண்ட. யாருக்கும் தெரியாது. எம்மவன் திம்மப்பன் வடக்க சுரங்க வேலைக்குப் போனான். மொத வருசம் லீவுல வந்தப்ப மடியில முடிஞ்சிட்டு வந்தான், மொக்கச்சோளம்மா, சுட்டுத் தின்னா அப்புடி இருக்கும்னான். ரெண்டாவது தபா அவன் வரல. பாறை சரிஞ்சு மூடிக்கிச்சுன்னு காயிதம்தான் வந்துச்சு. ஒடம்பு வெளிய வரல.”

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. “அதுக்கு ஏம்மா கருக்கணும்? ஏன் சாம்பல்ல புதைக்கணும்?” என்று கத்தினேன். என் இரண்டாயிரம் வருஷம் என் கண் முன்னாலேயே இரண்டு மாதமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

அவள் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். ஊரை விட்டுப் போய் உடம்பு திரும்பாதவர்களுக்குச் சுடுகாட்டில் இடம் கிடையாது. அவர்களுக்குக் குள்ளர் வீடு. ஆளுக்கு ஒரு வீடு. அவர்களுக்குப் பிடித்ததைக் கார்த்திகையில் கருக்கி வைக்க வேண்டும். கருகினால்தான் அது அவர்களுக்குச் சேரும், பச்சையாக வைத்தால் உயிரோடு இருக்கிறவர்களுக்கே திரும்பி வந்துவிடும். நரி தோண்டாமல் இருக்க ஒரு சாண் ஆழம், மேலே சாம்பல். அம்மாவோ பெண்டாட்டியோ வைப்பாள், அவர்கள் இல்லாவிட்டால் வேறு ஒருத்தி.

“நான் ஊர்ல பதினாலு பேரைக் கேட்டேனே, ஒருத்தரும் சொல்லலியே.”

“ஆம்பளைங்களுக்குச் சொல்றதில்ல. அவங்க காயிதத்தப் பாத்துட்டுத் தலைமுழுகிடுவாங்க. நாங்கதான் சோறு வெக்கறோம்.”

நான் உட்கார்ந்துவிட்டேன். பதினாலு பேர். ஒருத்தர்கூடப் பெண்பிள்ளை இல்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டது யார் என்றால் ஊரெல்லாம் என்னைத்தான் காட்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னாலேயே வந்தது. கதிர் போனால் விசேஷம் போயிற்று. விசேஷம் போனால் வெள்ளிக்கிழமை வெடி.

அதை அவளிடம் அப்படியே சொன்னேன். நீ வாயைத் திறக்காமல் இருந்தால் இந்தக் கல்லெல்லாம் நிற்கும். திறந்தால் ஜல்லியாகிவிடும்.

அவள் நாலாவது வீட்டின் மூடுகல்லைத் தடவிக்கொண்டு யோசித்தாள். “அவனைத் தூக்கி எங்க வெக்கறதுன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்ல. நெசமா வீடு நிக்குமா?”

“நிக்கும்.”

“கதிரு?”

“அது மதராஸுக்குப் போயிடும்.”

“போனா போவட்டும்” என்றாள். “ஒரு வருசம் பட்டினி கெடப்பான். எம்மவன் தாங்குவான், சுரங்கத்துல பழக்கம்தான். வீடு இருந்தா அடுத்த கார்த்திகைக்கு வேற வெச்சுக்கலாம்.”

சாயங்காலம் ஜோதியிடம் சொன்னேன். அவள் ராகி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கும்வரை சலிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் கேட்டாள்: “உங்க கொலம்பஸ் செத்து எத்தனை வருசம் ஆச்சு?”

“நானூத்தம்பது.”

“அவருக்குப் பசிக்காது” என்றாள். “அந்தப் பையனுக்குப் பசிக்கும்னு அந்தம்மா நம்புது.”

“வீடு நிக்கணும்னா வேற வழி இல்ல ஜோதி. அந்தம்மாவே சரின்னுட்டாங்க.”

அவள் மறுபடி மாவைச் சலித்தாள். அந்தச் சல்லடைச் சத்தம் ராத்திரி தூங்கும்வரை என் காதை விடவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. உதவி அதிகாரி என்றால் வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி என்று நினைத்திருந்தேன். முப்பது வயது இளைஞர். ஜீப் நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டார். “எங்கே சார், எங்கே அது?” தந்தி பார்த்ததிலிருந்து மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். கரட்டின் மேல் நான், ராஜப்பன், கங்கப்பன், கீழே அவன் லாரி. கொஞ்ச தூரத்தில் புங்க மரத்தடியில் கெம்பம்மா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

மரப்பெட்டியைத் திறந்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். “இது மட்டும் உண்மையா இருந்தா” என்றார். “சார், இது மட்டும் உண்மையா இருந்தா, இதுவரைக்கும் எழுதின எல்லாத்தையும் திருத்தி எழுதணும். லிமா, மெக்சிகோ, லண்டன், எல்லா இடத்துக்கும் இன்னைக்கே எழுதறேன். உங்க பேர்தான் முதல்ல இருக்கும்.” என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவேயில்லை. வாழ்நாளில் என் கையை யாரும் அப்படிக் குலுக்கியதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அந்த வினாடியில்கூட இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அவர் ஒரு தகரப் பெட்டியை எடுத்து, கதிரை அதில் வைத்து, மூடியை அழுத்தினார். டப் என்று சத்தம் கேட்டது. நான் புங்க மரத்தடியைப் பார்த்தேன். கெம்பம்மா பேசவில்லை, அசையவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், ரயிலில் பிள்ளையை ஏற்றிவிட்டு நிற்கிறவள் மாதிரி.

“அது மக்காச்சோளம்தான்” என்றேன். “ஆனா போன வருசத்துச் சோளம். அதோ அந்தம்மா வெச்சது.”

எல்லாவற்றையும் சொன்னேன். வேகமாகச் சொன்னேன், நிறுத்தினால் மறுபடி பொய் சொல்லிவிடுவேன் என்று பயம். ராஜப்பன் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லவில்லை. அதிகாரி முகத்தில் இரத்தமே இல்லை. பெட்டியைத் திறந்து, பார்த்து, மூடினார். “மூணு நாள் தூங்கலை சார்” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப நாளைக்கு வெடி வெக்கலாமுங்களா?” என்று கேட்டான் கங்கப்பன். குத்திக் காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“வேற விசேஷம் எதுவும் இல்லேன்னா...” என்று அதிகாரி இழுத்தார்.

கெம்பம்மா எழுந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அதிகாரி முன்னால் கையை நீட்டினாள். அவர் பெட்டியைத் திறந்து கதிரை அவள் கையில் வைத்தார். நாலு ஆம்பளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நாலாவது வீட்டின் முன்னால் படுத்து, தோள் வரை கையை விட்டு, கதிரைப் புதைத்துச் சாம்பலை மூடினாள். “நாளைக்கு வீடு இருக்காது கண்ணு” என்று துளைக்குள் சொன்னாள். “இன்னைக்கே தின்னுடு.”

அதிகாரி அவள் பக்கத்தில் மண்டியிட்டார். “அம்மா, இது மாதிரி எத்தனை பேர் வெக்கறீங்க?”

இனி மறைத்து என்ன பயன் என்று நினைத்தாளோ என்னவோ, சொன்னாள். முதல் வீடு சென்னம்மாளின் புருஷன், பர்மாவிலிருந்து நடந்து வரும்போது வழியில் தவறினவன். இரண்டாவது பாப்பம்மாவின் தம்பி, தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். ஆறாவது, ஏழாவது இன்னும் பழசு, யாருக்கும் பெயர் தெரியாது. ஆனாலும் யாராவது ஒருத்தி ஒரு பிடி ராகி வைத்துவிடுவாள். ஒன்பதையும் சொன்னாள், அஞ்சாவதுக்கு மட்டும் பெயரை விழுங்கிவிட்டாள்; அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். குரலில் மறுபடி சூடு ஏறியிருந்தது. “அந்த அனுமதித் தாளைக் காட்டுங்க.”

கங்கப்பன் கொடுத்தான். அவர் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். “யாரும் புழங்காத இடம்னு எழுதியிருக்கு. சடங்கு நடக்கற இடத்துல வெடி வைக்க அனுமதி இல்லைன்னு கீழேயே நிபந்தனையும் இருக்கு. ஒன்பது வீட்டுலயும் ஆள் இருக்காங்களே சார். இது விசேஷம் இல்லியா? பெரு தேசத்துல இந்தப் பழக்கத்தை ஸ்பெயின்காரன் நெருப்பு வெச்சு அழிச்சான். இங்க இன்னும் நடக்குது. நான் எழுதறேன்.”

ராஜப்பன் என் முதுகில் ஒரு அறை விட்டான். எனக்கு மறுபடியும் குதிக்க வேண்டும்போல இருந்தது. கங்கப்பன்தான் விடவில்லை. அவனுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது.

“பொம்பளைங்க கதையை நம்பி வேலைய நிறுத்துவீங்களா? எங்கூட்லயுந்தான் ஒருத்தன் போய்த் திரும்பல. நாங்க இங்க வந்து என்னத்தப் புதைச்சோம்? லாரியில பேரு எழுதி வெச்சிருக்கறேன், பத்தாதா?”

“நீ புதைக்கல கங்கப்பா” என்றாள் கெம்பம்மா. “உங்கம்மா புதைச்சா. அஞ்சாவது வீடு. முனிவேலுக்கு வெல்லப் பொரி. கார்த்திகைக்குக் கார்த்திகை முந்தானையில மறைச்சு எடுத்துக்கிட்டு என்கூடத்தான் வருவா. கரி படிஞ்ச கையோட வூட்டுக்கு வந்து, வெறகு பொறுக்கப் போனேன்னு சொல்வா.”

கங்கப்பன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். அவன் என்ன நினைத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியும். கார்த்திகை மாதத்தில் அம்மா கையில் இருந்த கரியை நினைத்துக்கொண்டான்.

“எங்கம்மா செத்து நாலு வருசம் ஆச்சே அத்தே” என்றான் கடைசியில். குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது. “அதுக்கப்புறம் எங்கண்ணனுக்கு யாரு வெக்கறாங்க?”

“நான்தான். வெல்லப் பொரிக்கு எனக்கு எங்க வக்கு? கிளியும் வெதையும் போக மிஞ்சற ஒத்தக் கதிரத்தான் ரெண்டா ஒடிச்சு வெக்கறேன். பாதி எம்மவனுக்கு, பாதி உங்கண்ணனுக்கு.”

பாதிக் கதிரைப் பற்றி நான் எழுதிய பதினோரு பக்கமும் என் சட்டைப் பையில் மடித்து இருந்தது. சூரியனுக்குப் பாதி, பூமிக்குப் பாதி. அதை வெளியே எடுக்கவில்லை.

கங்கப்பன் அஞ்சாவது வீட்டுக்குப் போனான். வெள்ளை வேட்டியோடு அந்த மண்ணில் குப்புறப் படுத்தான். துளைக்குள் கையை விட்டான். ரொம்ப நேரம் துழாவினான். எடுத்துவிடுவானோ என்று கெம்பம்மா, “எடுக்காத கண்ணு, எடுக்காத” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் வெறுங்கையைத்தான் வெளியே எடுத்தான். முழங்கை வரை கரி.

“இருக்குது” என்றான்.

எழுந்து உட்கார்ந்து அந்தக் கரிக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். துடைக்கவில்லை. கீழே லாரி டிரைவர் ஆரன் அடித்தான். நாளைக்கான கம்பியும் சம்மட்டியும் அதில் ஏற்றியிருந்தது. கங்கப்பன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. ராஜப்பனைத்தான் பார்த்தான்.

“டெமான்ஸ்ட்ரேட்டர் சார், உங்க பீரோவுல எலி தின்னுதுன்னு சொன்னீங்களே, அந்த வெதை இன்னும் மிச்சம் இருக்குதா?”

“எவ்வளவு வேணும்?”

“எல்லாத்தையும் குடுங்க” என்றான் கங்கப்பன். “அடுத்த கார்த்திகைக்கு எங்கண்ணனுக்கு முழுக் கதிரா வெக்கணும்.”